ஆறாம் வகுப்பு மகளுக்குத் தனி வாட்ஸ்அப் போட்டுக் கொடுக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 11 வயது, ஆறாம் வகுப்பு படிக்கிறாள். வகுப்புப் பிள்ளைகள் தனியாக வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறார்கள். அதில் இல்லாததால் தன்னை ஒதுக்குகிறார்கள் என்று தினமும் அழுகிறாள். என் பழைய போனில், வீட்டில் சும்மா கிடக்கும் இன்னொரு சிம்மைப் போட்டுக் கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். சிக்னல்தான் பாதுகாப்பானது, யாராலும் படிக்க முடியாது என்கிறார் என் கணவர். டியூஷன் சார் நோட்ஸையெல்லாம் டெலிகிராமில்தான் போடுகிறார். பிள்ளைகளின் சாட் முழுவதையும் நம் போனிலேயே காட்டும் ஆப் இருக்கிறது, அதைப் போட்டுவிடு என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. எதைத் தேர்ந்தெடுப்பது?
— ஒரு தாய், திண்டுக்கல்

பதில்:

நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறோம். 11 வயதில் அவளுக்கென்று தனி வாட்ஸ்அப் கணக்கு வேண்டாம். சிக்னலும் டெலிகிராமும் வேண்டாம். வாட்ஸ்அப், சிக்னல் இரண்டின் விதிகளுமே 13 வயது ஆகியிருக்க வேண்டும் என்கின்றன. ஆனால் விதியைக் காட்டி "முடியாது" என்று மட்டும் சொன்னால் அவள் அழுகை நிற்காது. முந்தைய இரவு குரூப்பில் நடந்த பேச்சுக்கு மறுநாள் வகுப்பே சிரிக்கும்போது, ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருப்பது அந்த வயதில் பெரிய வலி. தோழிகளோடு பேச அவளுக்கு வழி வேண்டும். அந்த வழியை நீங்கள் அமைத்துக் கொடுக்கலாம்.

உங்கள் கணவர் சொன்னதிலிருந்து தொடங்குவோம். சிக்னலில் போகும் செய்தியை நடுவில் யாரும் படிக்க முடியாது என்பது உண்மை. அதே மறையாக்க (என்கிரிப்ஷன்) முறையைத்தான் வாட்ஸ்அப்பும் 2016 முதல் பயன்படுத்துகிறது. அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் இடையில் மூன்றாவது ஆள் ஒட்டுக்கேட்க முடியாது. ஆனால் பிள்ளைகளுக்கு வரும் தொல்லை பெரும்பாலும் அந்த மூன்றாவது ஆளால் வருவதில்லை. எதிர்முனையில் இருக்கும் இரண்டாவது ஆளால் வருகிறது. 13 வயதுப் பெண் என்று சொல்லிக்கொண்டு 35 வயது ஆள் பேசினாலும் மறையாக்கம் அவனுக்கும் சேர்த்தேதான் காவல் நிற்கும். எனவே பெரியவர்களுக்கு ஆப் தேர்ந்தெடுக்கும் அளவுகோலைப் பிள்ளைகளுக்கு அப்படியே வைக்க முடியாது.

எந்த மெசேஜ் ஆப் ஆனாலும் நான்கு கேள்வி கேட்டுப் பாருங்கள். முன்பின் தெரியாத ஒருவர் பிள்ளைக்கு முதல் செய்தியை அனுப்ப முடியுமா? அவளுடைய எண்ணோ படமோ தெரியாதவர் கண்ணில் படுமா? பொதுச் சேனல், பெரிய குழு, வீடியோ என்று ஆப்புக்குள்ளிருந்தே வெளியே போகும் வழிகள் உண்டா? ஏதாவது தவறு நடந்தால் ஆதாரம் நிற்குமா? இவற்றில் முதல் கேள்விதான் தலையாயது. அதற்கு "முடியாது" என்று பதில் சொல்லும் ஆப்கள் மிகக் குறைவு.

அந்தக் குறைவானவற்றில் ஒன்று மெட்டா நிறுவனத்தின் மெசஞ்சர் கிட்ஸ். 2017 டிசம்பரில் அமெரிக்காவில் 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்காக வந்தது. 2020 ஏப்ரலில் இந்தியா உட்பட எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு விரிந்தது. பிள்ளைக்கு போன் எண்ணும் வேண்டாம், ஃபேஸ்புக் கணக்கும் வேண்டாம். உங்கள் ஃபேஸ்புக் கணக்கைக் கொண்டு நீங்கள் அனுமதி கொடுக்கிறீர்கள்; கணக்கு பிள்ளையின் பெயரில், வைஃபை மட்டும் உள்ள டேப்லெட்டில்கூட ஓடும். நீங்கள் அனுமதித்தவர்களோடு மட்டும்தான் அவள் பேச முடியும். யாரோடு பேசினாள், என்ன படம் வந்தது, யாரை பிளாக் செய்தாள் என்பதெல்லாம் உங்கள் பக்கத்தில் தெரியும். இரவு எத்தனை மணிக்கு மூட வேண்டும் என்பதையும் நீங்களே வைக்கலாம். விளம்பரம் கிடையாது.

குறைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். எதிர்ப்பக்கத்துப் பிள்ளையின் பெற்றோரும் இதற்கு இசைய வேண்டும். எனவே வகுப்பு முழுவதும் இதில் வராது. மூன்று நான்கு தோழிகளின் அம்மாக்கள் பேசி வைத்துக்கொண்டால் நன்றாக நடக்கும். 2019-இல் இதில் ஒரு ஓட்டை வெளிப்பட்டது: ஒரு பிள்ளையின் பெற்றோர் அனுமதிக்காத ஆள்கூட, இன்னொரு பிள்ளை தொடங்கிய குரூப் வழியாக உள்ளே வந்துவிட முடிந்தது. அதைச் சரிசெய்துவிட்டார்கள். என்றாலும் குரூப் சாட்டை மட்டும் வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். பிள்ளையின் தகவல் மெட்டாவிடம் சேரும் என்பதும் உண்மை. முழுப்பெயர், பள்ளிப் பெயர் கொடுக்காமல் வீட்டில் கூப்பிடும் பெயரைப் போடுங்கள்.

பெயரில் "கிட்ஸ்" என்று இருப்பதை மட்டும் நம்பி எதையும் இறக்க வேண்டாம். சிறுவர் பதிப்பும் வெளியிட்டிருந்த ஜஸ்டாக் என்ற வீடியோ கால் நிறுவனத்தின் சர்வரில், பயனர்களின் செய்திகள் லட்சக்கணக்கில் மறையாக்கம் இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்தது 2022 ஜூலையில் வெளிவந்தது. எங்கள் ஆப் முழுப் பாதுகாப்பு என்று விளம்பரம் செய்துகொண்டிருந்த நிறுவனம் அது.

மெசஞ்சர் கிட்ஸ் ஒத்துவராவிட்டால், உங்கள் வாட்ஸ்அப்பே போதும். நெருங்கிய மூன்று நான்கு தோழிகளின் அம்மாக்கள் எண்களைச் சேர்த்து ஒரு சிறு குரூப் தொடங்குங்கள். சாயங்காலம் வீட்டுப்பாடம் முடிந்ததும் அரை மணி நேரம், கூடத்தில் உட்கார்ந்து, உங்கள் போனில் அவள் பேசட்டும், வாய்ஸ் மெசேஜ் அனுப்பட்டும். மற்ற பிள்ளைகளும் அவரவர் அம்மா போனிலிருந்து அதே நேரத்தில் வரும்படி பேசி வைத்துக்கொள்ளுங்கள். இது முக்கியம். அவள் மட்டும் ஏழு மணிக்கு வந்து, மற்றவர்கள் ஒன்பது மணிக்கு வந்தால் மறுபடியும் தனித்துத்தான் போவாள்.

இனி அந்த வகுப்புக் குரூப். உங்கள் கடிதத்தில் எங்களை அதிகம் கவலைப்பட வைத்தது இதுதான். ஆசிரியர் இல்லாமல் பிள்ளைகளே தொடங்கிய குரூப்பில் அட்மின் யார்? 11 வயதுப் பிள்ளை ஒன்று. உறுப்பினர் பட்டியலில் இருக்கும் எண்களில் பாதி அப்பாக்களுடையது, சில அண்ணன்களுடையது, ஒன்றிரண்டு யாருடையது என்றே தெரியாது. வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் இருந்தால் அவர் எண் மற்ற எல்லோருக்கும் தெரியும். புரொஃபைல் போட்டோவை "எவ்ரிவன்" என்று விட்டிருந்தால் அதுவும் தெரியும். குரூப் லிங்கை ஒரு பிள்ளை டியூஷன் நண்பர்களுக்கு அனுப்பினால் அவர்களும் உள்ளே வந்துவிடுவார்கள். குரூப்பில் நடக்கும் கேலியைவிட, அங்கே எண்ணை எடுத்துக்கொண்டு தனியாக "ஹாய்" என்று அனுப்புவதுதான் பெரிய தொல்லையின் தொடக்கம்.

பள்ளியே நடத்தும் குரூப் இருந்தால் வகுப்பு ஆசிரியரிடம் கேளுங்கள். இப்படி எழுதலாம்: "வணக்கம் மிஸ். வகுப்புக் குரூப்பில் எல்லாப் பிள்ளைகள் வீட்டு எண்களும் எல்லோருக்கும் தெரிகின்றன. அதைக் கம்யூனிட்டியாக மாற்றி அறிவிப்புக் குழுவில் மட்டும் செய்தி போட்டால் எண்கள் மறைந்துவிடும். அது முடியாவிட்டால், மெசேஜ் போடுவதையும் ஆள் சேர்ப்பதையும் அட்மின்களுக்கு மட்டும் என்று வைத்து, பழைய அழைப்பு லிங்கை ரீசெட் செய்துவிட்டால் உதவியாக இருக்கும்." அட்மின் மட்டும் எழுதலாம் என்று வைத்தால் அரட்டை நிற்கும், ஆனால் எண்கள் மறையாது, எண்களை மறைப்பது கம்யூனிட்டியின் அறிவிப்புக் குழுதான். இந்த வேறுபாடு ஆசிரியர்கள் பலருக்கும் தெரிவதில்லை.

பிள்ளைகள் நடத்தும் குரூப்பில் அவளை ஏற்கெனவே உங்கள் எண்ணில் சேர்த்திருந்தால் தயங்காமல் வெளியேறலாம். 2022 ஆகஸ்ட் முதல் ஒருவர் வெளியேறுவது அட்மின்களுக்கு மட்டும்தான் அறிவிப்பாகப் போகிறது. முன்னாள் உறுப்பினர் பட்டியலில் 60 நாள் பெயர் இருக்கும், அவ்வளவுதான். "லெஃப்ட்" என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுமே என்ற கூச்சம் பிள்ளைகளுக்கு நிறைய உண்டு. இதைச் சொன்னால் நிம்மதி அடைவாள்.

டெலிகிராம் விஷயத்தில் எங்கள் கருத்து உறுதியானது: பிள்ளை கையில் வேண்டாம். டெலிகிராமில் சாதாரண சாட்டுக்கு எண்ட்-டு-எண்ட் மறையாக்கம் கிடையாது. இருவர் பேசும் "சீக்ரெட் சாட்"டுக்கு மட்டும்தான். அதைவிடப் பெரிய காரணம், மேலே உள்ள தேடல் பெட்டி. அதில் ஒரு சொல்லைத் தட்டினால் உலகில் உள்ள பொதுச் சேனல்களும் குழுக்களும் வந்து நிற்கும். ஒரு குழுவில் இரண்டு லட்சம் பேர் வரை இருக்கலாம். பாட நோட்ஸ் தேடிப் போகும் பிள்ளைக்கும் திருட்டுப் படச் சேனலுக்கும் இடையில் இரண்டு தட்டுதான் தூரம். சாரின் நோட்ஸுக்கு உங்கள் போனில் டெலிகிராம் வைத்து, பிடிஎஃபை இறக்கி அவளிடம் கொடுங்கள். உங்கள் செட்டிங்ஸிலும் போன் நம்பரை "நோபடி" என்றும், குரூப்பில் சேர்ப்பதை "மை காண்டாக்ட்ஸ்" என்றும் மாற்றிவிடுங்கள். சேனலில் சேர்ந்தவர்களை மற்ற சந்தாதாரர்கள் பார்க்க முடியாது; ஆனால் சேனலோடு இணைந்த கமெண்ட் குழுவில் எழுதினால் அங்கிருப்பவர்கள் பார்ப்பார்கள். "சந்தேகம் கேட்கிறேன்" என்று அங்கே போகவிட வேண்டாம். இந்த நோட்ஸைக் கூகுள் டிரைவிலும் போட முடியுமா என்று சாரிடம் கேட்டுப் பாருங்கள். உங்களைப் போல இன்னும் பல பெற்றோர் கேட்காமல் இருப்பார்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். ஜோஹோ நிறுவனத்தின் "அரட்டை" என்ற ஆப்பும் போன் எண்ணை வைத்து ஓடும், குரூப்பும் சேனலும் உள்ள ஆப்தான். 2025 செப்டம்பரில் எல்லோரும் அதை இறக்கியபோது போன், வீடியோ அழைப்புகளுக்கு மட்டும்தான் முழு மறையாக்கம் இருந்தது, செய்திகளுக்கு அப்போது இல்லை. நம் ஊர் நிறுவனம் என்பது பெருமைதான். ஆனால் முதல் கேள்விக்கு அதன் பதிலும் வாட்ஸ்அப்பின் பதில்தான். ஸ்னாப்சாட்டில் செய்தி பார்த்ததும் மறைந்துவிடும். பிள்ளையை மிரட்டுபவனுக்கு அது வசதி, உங்களுக்கு ஆதாரம் இல்லை. இன்ஸ்டாகிராம் 2025 பிப்ரவரியில் இந்தியாவில் டீன் கணக்குகளைக் கொண்டுவந்தது. தெரியாதவர் நேரடிச் செய்தி அனுப்ப முடியாது, 16 வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோர் அனுமதி இல்லாமல் இதைத் தளர்த்தவும் முடியாது. ஆனால் பிறந்த ஆண்டைப் பொய்யாகப் போட்டால் அந்தக் காவல் முழுவதும் போய்விடும். அதுவும் 13 வயதுக்கு மேல்தான். ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் போன்ற கேம்களுக்குள் இருக்கும் வாய்ஸ் சாட்டையும் மெசேஜ் ஆப் கணக்கிலேயே சேருங்கள். வாட்ஸ்அப்பைத் தடுத்துவிட்டு கேமைத் திறந்து விட்டால், முன்பின் தெரியாதவர்கள் அங்கே நேரடியாகக் காதில் பேசுவார்கள். ஐபோன் வைத்திருப்பவர்கள் ஸ்கிரீன் டைம் பகுதியில் யாரோடு பேசலாம் என்று வரையறுக்கும் கம்யூனிகேஷன் லிமிட்ஸையும், ஆபாசப் படம் வந்தால் எச்சரிக்கும் கம்யூனிகேஷன் சேஃப்டியையும் போட்டு, ஸ்கிரீன் டைம் பாஸ்கோடைப் பிள்ளைக்குத் தெரியாமல் வையுங்கள்.

பழைய போன், சும்மா கிடக்கும் சிம் என்ற யோசனையில் கண்ணுக்குத் தெரியாத சிக்கல்கள் சில உண்டு. அந்தப் போனில் உங்கள் கூகுள் கணக்கு இன்னும் திறந்திருந்தால், சேமித்த பாஸ்வேர்டுகள், உங்கள் போட்டோக்கள், யூடியூப் வரலாறு எல்லாம் பிள்ளை கையில் இருக்கும். முதலில் ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். பிறகு உங்கள் போனில் கூகுள் ஃபேமிலி லிங்க் ஆப்பை இறக்கி, அதிலேயே பிள்ளைக்கு உண்மையான பிறந்த தேதியுடன் கூகுள் கணக்கு உருவாக்குங்கள். 13 வயதுக்குக் கீழே இதுதான் முறையான வழி. அந்தக் கணக்கைப் பழைய போனில் போட்டதும், எந்த ஆப் இறக்கினாலும் உங்கள் அனுமதி கேட்கும்படி "ஆல் கண்டென்ட்" என்று வையுங்கள். வயது ரேட்டிங்கை மட்டும் நம்பினால் போதாது: ப்ளே ஸ்டோர் ரேட்டிங் ஆப்பின் உள்ளடக்கத்தைப் பார்த்துத் தருவது, அதில் யார் பேச வருவார்கள் என்பதைப் பார்த்து அல்ல. மெசேஜ் ஆப்கள் பல அந்த வடிகட்டியில் எளிதாகத் தப்பிவிடும். ஃபேமிலி லிங்க் சாட்டைப் படிக்காது. ஆப்பையும் நேரத்தையும்தான் கட்டுப்படுத்தும். அதுவே போதும்.

சிம்மைப் பற்றி: அது உங்கள் பெயரில் இருக்கும், அதில் நடப்பதற்கு உங்களைத்தான் கேட்பார்கள். அந்த எண் ஏதாவது வங்கிக் கணக்கிலோ ஆதாரிலோ கேஸ் இணைப்பிலோ பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவாகியிருந்தால் ஓடிபி எல்லாம் பிள்ளையின் போனுக்குப் போகும். பின்னாளில் ரீசார்ஜ் செய்ய மறந்து எண் செயலிழந்தால், குறைந்தது 90 நாள் கழித்து நிறுவனம் அதை வேறொருவருக்குக் கொடுத்துவிடும். அவள் தோழிகளின் குரூப்களில் அந்த எண் அப்படியே இருக்க, அதை வாங்கிய புது ஆள் அதே எண்ணில் வாட்ஸ்அப் தொடங்குவார். எண்ணை விடுவதாக இருந்தால் முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், அக்கவுண்ட், சேஞ்ச் நம்பர் வழியாக மாற்றிவிட வேண்டும்.

பக்கத்து வீட்டு அக்கா சொன்ன உளவு ஆப் வேண்டவே வேண்டாம். வாட்ஸ்அப் சாட் மறையாக்கம் செய்யப்பட்டது என்பதால், இந்த ஆப்கள் போனின் அக்சஸிபிலிட்டி அனுமதியை வாங்கித் திரையில் வருவதையெல்லாம் நேரடியாகப் படிக்கின்றன. பல ஆப்கள் ப்ளே ஸ்டோரில் இல்லாமல், தீய ஆப்களைத் தடுக்கும் ப்ளே புரொடெக்டை அணைத்துவிட்டு, வெளியிலிருந்து இறக்கும் ஏபிகே கோப்பாக நிறுவச் சொல்கின்றன. உங்கள் மகளின் படங்கள், அவள் தோழிகள் எழுதியது எல்லாம் யாரென்றே தெரியாத நிறுவனத்தின் சர்வருக்குப் போகும். அவள் ஒரு நாள் கண்டுபிடித்துவிட்டால் வேறு போன், வேறு கணக்கு என்று போவாள், அதன்பிறகு எதையும் சொல்ல மாட்டாள். வெளிப்படையாகச் சொல்லிவிட்டுப் பார்ப்பது வேறு: "ஞாயிறு காலை நாம் இருவரும் சேர்ந்து உன் போனைப் பார்ப்போம்" என்று முதல் நாளே பேசி வையுங்கள். போன் இரவு கூடத்தில் சார்ஜில் இருக்கும் என்பதும் முதல் நாள் ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும்.

13 வயதான பிறகு வாட்ஸ்அப் கொடுக்கும் நாள் வரும். அப்போது செய்ய வேண்டியதை இப்போதே எழுதிவிடுகிறோம், ஏனென்றால் பலரும் பாதியில் விட்டுவிடும் இடம் இது. இதே மாற்றங்களை இன்றே உங்கள் போனிலும் செய்யலாம்.

வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், பிரைவசி, குரூப்ஸ் என்று போய் "மை காண்டாக்ட்ஸ்" என்று வைத்துவிட்டுத் திருப்தி அடைகிறோம். அதில் பயன் குறைவு: அவள் காண்டாக்ட்டில் இருப்பவர்களே முப்பது வகுப்புப் பிள்ளைகள், அவர்களில் யார் வேண்டுமானாலும் அவளை எந்தக் குரூப்பிலும் சேர்க்கலாம். "மை காண்டாக்ட்ஸ் எக்ஸெப்ட்" என்பதைத் தட்டி எல்லோரையும் டிக் செய்யுங்கள். இனி யாரும் நேரடியாகச் சேர்க்க முடியாது. அழைப்பு தனிச் செய்தியாக வரும், மூன்று நாள் செல்லும், அவள் உங்களைக் கேட்டு முடிவு செய்யலாம். பிறகு சேமிக்கும் புது எண்கள் அந்தப் பட்டியலில் தானாகச் சேராது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி டிக் போட வேண்டும்.

புரொஃபைல் போட்டோ, அபவுட், லாஸ்ட் சீன், ஸ்டேட்டஸ் எல்லாம் "மை காண்டாக்ட்ஸ்". போட்டோவில் பள்ளிச் சீருடையும் பேட்ஜும் இருக்கக் கூடாது. ஒரு படத்தைப் பார்த்தே எந்த ஊர், எந்தப் பள்ளி என்று சொல்லிவிடலாம். கால்ஸ் பகுதியில் "சைலன்ஸ் அன்நோன் காலர்ஸ்" போடுங்கள். தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பு பட்டியலில் இருக்கும், மணி அடிக்காது. அட்வான்ஸ்டு பகுதியில் "பிளாக் அன்நோன் அக்கவுண்ட் மெசேஜஸ்" என்று ஒன்று இருக்கிறது. பெயரைப் பார்த்து, தெரியாதவர் செய்தியே வராது என்று நம்பிவிட வேண்டாம். அது அளவுக்கு மீறிச் செய்தி குவியும்போதுதான் தடுக்கும். ஒரே ஒரு "ஹாய்" தாராளமாக உள்ளே வரும்.

அந்த "ஹாய்" வந்தால் என்ன செய்வது என்பதை அவளோடு உட்கார்ந்து ஒத்திகை பாருங்கள். தெரியாத எண்ணிலிருந்து சாட் வந்தால் மேலே ஒரு சிறு அட்டை தெரியும்: இவர் உங்கள் காண்டாக்ட்டில் இல்லை, உங்கள் இருவருக்கும் பொதுவாக எத்தனை குரூப் என்று. அதைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். பொதுக் குரூப் இருப்பதனாலேயே தெரிந்தவர் ஆகிவிட மாட்டார். பதில் போடாமல் உங்களிடம் காட்ட வேண்டும். "யார் நீங்க?" என்று கேட்பதும் ஒரு பதில்தான்; அங்கேதான் பேச்சு தொடங்குகிறது.

அக்கவுண்ட் பகுதியில் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டு ஆறு இலக்க பின்னையும் உங்கள் மெயில் முகவரியையும் கொடுங்கள். "தவறுதலாக உன் எண்ணுக்கு ஒரு கோட் வந்திருக்கும், அனுப்பு ப்ளீஸ்" என்று தோழியின் எண்ணிலிருந்தே செய்தி வரலாம். தோழியின் கணக்கு ஏற்கெனவே பறிபோயிருக்கும். லிங்க்டு டிவைசஸையும் வாரம் ஒருமுறை பாருங்கள். வகுப்பில் போனை ஒரு நிமிடம் வாங்கி கியூஆரை ஸ்கேன் செய்துவிட்டால் அவள் சாட் முழுவதும் வேறொரு கணினியில் ஓடும். எட்டு எழுத்துக் கோடு ஒன்றை அனுப்பி "இதை உன் வாட்ஸ்அப்பில் தட்டு" என்று சொல்வதும் அதே வேலைதான்.

ஸ்டோரேஜ் அண்ட் டேட்டாவில் மீடியா ஆட்டோ-டவுன்லோடை முழுவதும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் குரூப்பில் எவனோ போடும் அசிங்கமான வீடியோ அவள் தொடாமலே கேலரியில் வந்து உட்காரும். டிஸப்பியரிங் மெசேஜஸைப் பிள்ளைகள் போனில் போடாமல் இருப்பதே நல்லது; 24 மணி நேரத்தில் கேலியும் மிரட்டலும் மறைந்துபோனால் யாரிடமும் காட்ட முடியாது. சாட் லாக்குக்கு ரகசியக் கோடு வைத்தால் அந்தச் சாட்கள் பட்டியலிலேயே தெரியாது, தேடல் பெட்டியில் கோடைத் தட்டினால்தான் வரும். இப்படி ஒன்று இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும் என்பதை அவளும் அறிந்திருக்கட்டும். அதற்காக தினமும் குடைய வேண்டாம். வாட்ஸ்அப்புக்குள்ளேயே இருக்கும் மெட்டா ஏஐ என்ற சாட்பாட்டிடம் வீட்டு விவரமோ தன் படமோ அனுப்பக் கூடாது என்று சொல்லி வையுங்கள்.

13 வயதான அந்த நாளில் சிக்னலும் ஒரு நல்ல குடும்ப ஆப். சேனல் இல்லை, விளம்பரம் இல்லை, 2024 முதல் எண்ணை மறைத்து யூசர்நேம் மட்டும் கொடுக்கலாம். வீட்டுக் குரூப்பை அதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணவர் சொன்னது அப்போது முழுவதும் பொருந்தும்.

கடைசியாக, ஏதாவது நடந்துவிட்டால். போனைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம்தான் பிள்ளைகளை மௌனமாக்குகிறது. மிரட்டுபவன் "அம்மாவிடம் சொன்னால் போன் போய்விடும்" என்றே சொல்லுவான். ஆகவே "சொன்னதற்காக போன் போகாது" என்று இன்றைக்கே வாக்குக் கொடுங்கள், நடந்தபோது அதைக் காப்பாற்றுங்கள்.

எதையும் அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது சாட்டை மட்டும் எடுத்தால் மேலே பெயர்தான் வரும். காண்டாக்ட் இன்ஃபோவைத் திறந்து முழு எண் தெரியும்படி இன்னொன்று எடுங்கள். ரிப்போர்ட் அழுத்தினால் கடைசி ஐந்து செய்திகள் வாட்ஸ்அப்புக்குப் போகும். அதே பெட்டியில் பிளாக் செய்து சாட்டையும் நீக்கு என்ற டிக் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள், அல்லது ஆதாரம் எடுத்து முடித்த பிறகு அழுத்துங்கள்.

வந்தது பிள்ளையின் அந்தரங்கப் படமாகவோ வேறு பிள்ளையின் படமாகவோ இருந்தால் விதி வேறு. அதை ஸ்கிரீன்ஷாட் எடுக்கக் கூடாது, கணவருக்குக்கூட, ஆசிரியருக்குக்கூட ஃபார்வர்ட் செய்யக் கூடாது. அனுப்புவது ஐடி சட்டம் 67பி பிரிவில் குற்றம். நல்லெண்ணத்தில் "பாருங்கள் இந்த அநியாயத்தை" என்று பெற்றோர் குரூப்பில் போட்டாலும் அனுப்பியது அனுப்பியதுதான், அந்தப் பிள்ளைக்கு இன்னொரு காயமும்தான். 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்றை ரத்து செய்து, இத்தகைய படங்களை வைத்திருப்பதன் மீதான போக்சோ 15-ஆம் பிரிவை இறுக்கமாக விளக்கியிருக்கிறது. தாமதிக்காமல் போனையே காவல் நிலையத்துக்கு எடுத்துச் சென்று காட்டுங்கள்.

தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாருக்குத் தனிப் பகுதி உண்டு; பெயர் சொல்லாமலும் பதியலாம். பணம் பறித்திருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்த வாய்ப்பு. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் படம் பரவாமல் தடுக்க "டேக் இட் டவுன்" என்ற இலவசச் சேவை இருக்கிறது. படத்தை அங்கே ஏற்ற வேண்டாம். உங்கள் போனிலேயே அதன் டிஜிட்டல் கைரேகையைக் கணக்கிட்டு அதை மட்டும் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற தளங்களுக்கு அனுப்பும். மறையாக்கம் செய்த சாட்டுக்குள் அதனால் தேட முடியாது என்பதால் போலீஸ் புகாருக்கு அது மாற்றாகாது. பிள்ளை பயந்துபோய் உங்களிடமே பேச மறுத்தால், அவளே அழைத்துப் பேச 1098 இருக்கிறது. இரவு பகல் எந்த நேரமும் எடுப்பார்கள், காசு இல்லை. அந்த எண்ணைப் பழைய போனில் முதல் காண்டாக்ட்டாக நீங்களே சேமித்துக் கொடுங்கள்.